இசையாசிரியராக என்ன செலவாகும்?

கோடை விடுமுறை முடியும் தறுவாயில், செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு விரற்கடை அளவில் ஓர் அறிவிப்பு வரும். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மாணவர் சேர்க்கை. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று பிரிவுகள் இருக்கும். 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். மூன்றாண்டுப் படிப்பு. நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி. கட்டணம் ஆண்டுக்கு 350 ரூபாய் என்றும், மாதம் 400 ரூபாய் உதவித்தொகை என்றும் பல ஆண்டுகளாக அந்த அறிவிப்பு சொல்லிவந்திருக்கிறது. 350 ரூபாய் இன்று ஒரு செல்பேசிக்கு ஒரு மாதம் காசு போடும் தொகை.

இவ்வளவு மலிவாக இசை கற்றுத்தரும் ஏற்பாடு ஓர் அரசிடம் இருக்கும்போது, இசையாசிரியர் ஆக விரும்பும் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும் கல்லூரியைத் தேடுவது பெரிய வேலையாக இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, மூன்று நான்கு ஆண்டு கழித்து, கையில் இருக்கும் சான்றிதழ் எந்தப் பள்ளியின் கதவையும் திறக்காது என்று தெரிந்துகொண்டவர்கள் பலர். இழந்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்தால், இசைக் கல்வியில் கட்டணம்தான் மிகச் சிறிய செலவு. ஒரு சான்றிதழுக்கும் ஒரு வகுப்பறைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் அதன் உண்மையான விலை. இந்தக் கட்டுரை அந்தத் தூரத்தை அளக்கும் முயற்சி.

கல்லூரி வருவதற்கு முன்பு குருகுலம் இருந்தது. அங்கே பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கொடுத்தார்கள். அதோடு யார் வீட்டுப் பிள்ளை எந்தத் திண்ணையில் உட்கார முடியும் என்பதைப் பிறப்பும் தீர்மானித்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. விண்ணப்பப் படிவம் என்ற ஒரு தாள்தான் அதை மாற்றியது. 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரியும், 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி டைகர் வரதாச்சாரியாரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கல்லூரியும் அந்த மாற்றத்தின் முதல் அடிகள். அகாதெமி தன் கல்லூரிக்கு வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும்: ஆசிரியர்களுக்கான இசைக் கல்லூரி. கச்சேரி செய்பவரை உருவாக்குவது ஒரு வேலை, கற்றுக்கொடுப்பவரை உருவாக்குவது வேறொரு வேலை என்ற தெளிவு தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. 1949இல் சென்னை அரசு தன் சொந்தக் கல்லூரியைத் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். பிராடி கோட்டை என்ற பழைய வெள்ளைக்காரர் மாளிகையில், அடையாற்றங்கரையில், இன்று தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியாக இருப்பது அதுதான். பின்னர் திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களிலும் அரசு இசைக் கல்லூரிகள் வந்தன. 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்குமென்று தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. அதோடு அரசு இசைக் கல்லூரிகளுக்குப் பட்டம் தரும் குடையும் கிடைத்தது.

இந்தக் குடைக்கு முன்னும் பின்னும் கொடுக்கப்பட்ட சான்றிதழ்களின் பெயர்களில்தான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரிடம், ஒரே வர்ணத்தைப் பாடம் செய்த இரண்டு பேர் வெவ்வேறு தகுதியோடு வெளியே வரலாம். ஒருவர் கையில் இசைக்கலைமணி என்ற மூன்றாண்டுப் பட்டயம். இன்னொருவர் கையில் பிளஸ் டூவுக்குப் பின் படித்த இளங்கலை இசைப் பட்டம். பாட்டில் வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். விண்ணப்பத்தில் தெரியும்.

எந்த விண்ணப்பம் என்பதைப் பொறுத்து அது மாறும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இசையாசிரியர் என்பவர் சிறப்பாசிரியர் என்ற வகையில் வருகிறார்; உடற்கல்வி, ஓவியம், தையல் ஆசிரியர்களோடு சேர்த்து. இந்தப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் பார்ப்பது இசையில் பெற்ற தகுதியை மட்டுமல்ல, கற்பித்தலுக்கான சான்றிதழையும்தான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசை மேல்நிலை தேறியிருப்பது, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பது போன்றவை இங்கே எடைபெறுகின்றன. முதுகலைப் பட்டமும் நூறு கச்சேரியும் இருந்தாலும் அந்தப் பயிற்சித் தாள் இல்லையென்றால் வரிசையில் நிற்க முடியாது. மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயாவின் கதை நேர் எதிர். தொடக்கநிலை இசையாசிரியர் பணிக்கு அங்கே கேட்பது பிளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், இசையில் இளங்கலைப் பட்டமும், ஆங்கிலம், இந்தி வழியே கற்பிக்கும் திறனும். பட்டயம் மட்டும் வைத்திருப்பவர் அங்கே வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே கல்லூரி வாசலில் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. "நீங்கள் தருவது பட்டமா, பட்டயமா, சான்றிதழா? எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கும்?" என்பதைக் கேட்க வேண்டும். தனியார் சபாக்களும் அறக்கட்டளைகளும் கொடுக்கும் அழகான சான்றிதழ்கள் பல உண்டு. கற்றுத்தருவது உயர்ந்த தரமாகவும் இருக்கலாம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இல்லையென்றால், வேலைக்கான தகுதியாக அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொலைநிலைப் படிப்பானால் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: நாம் சேரும் அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு, மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா? போன ஆண்டு இருந்தது என்ற பதில் போதாது.

இனி வேலைக்கு வருவோம். இதைப் பேசும்போது மனம் கனக்கிறது. 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு 1325 இடங்களை அறிவித்தது. அதில் இசைக்கு 86. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் மட்டுமே 37 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் காலை வழிபாடு பாட்டோடுதான் தொடங்குகிறது. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அதை முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. இத்தனை நுணுக்கமாகச் சொன்ன ஆணையை நான் மனமார மதிக்கிறேன். அந்த மோகனத்தைக் குழந்தைகளின் தொண்டையில் ஏற்றுவதற்கு ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் அல்லவா? பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். தொகை பிறகு படிப்படியாக உயர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைச் சாலைகளில் உட்கார்ந்த படங்களை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வந்திருக்கிறோம். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எண்: 2022 டிசம்பரில் கேந்திரிய வித்யாலயா சங்கதன் நாடு முழுவதுக்கும் அறிவித்த தொடக்கநிலை இசையாசிரியர் இடங்கள் 303. அடிப்படைச் சம்பளம் மட்டும் 35,400 ரூபாய்.

இந்த எண்களைக் காட்டி யாரையும் இசையைவிட்டு விரட்டுவது என் நோக்கம் அல்ல. கடன் வாங்கி, லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இசைப் பட்டம் வாங்குவதற்கு முன்பு பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பொறியியலுக்குக் கடன் வாங்குகிறவர் வேலைவாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்காமல் வருவதில்லை. இசைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பது ஏதோ கலைக்கு அவமரியாதை என்று கூச்சப்படுகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை.

கட்டணம் போக மீதிச் செலவுகள் வாத்தியத்தைப் பொறுத்தவை. வாய்ப்பாட்டு மாணவருக்குத் தொண்டைதான் கருவி. முன்பு சுருதிப்பெட்டி வாங்க வேண்டும். இப்போது அதுவும் செல்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. வீணை அப்படியல்ல. தஞ்சாவூரில் பலா மரத்தில் குடைந்து செய்யும் ஒரு வீணைக்கு ஆகும் பணத்தில் அரசுக் கல்லூரி ஒன்றின் மூன்றாண்டுக் கட்டணத்தைப் பல முறை கட்டிவிடலாம். அதை வைத்துக்கொண்டு பேருந்தில் போக முடியாது என்பதும் ஒரு செலவுதான். வீட்டில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்றிருந்தால்தான் பயிற்சி நடக்கும். கல்லூரியில் மாணவருக்குக் கொடுக்க எத்தனை வீணை நல்ல நிலையில் இருக்கிறது, மெட்டுகளை மெழுகில் பதிக்கும் மேளக்கட்டு எப்போது கடைசியாகப் போட்டார்கள் என்று சேருமுன் பார்த்துவர வேண்டும். மிருதங்கக்காரருக்குச் செலவு முதல் நாளோடு முடிவதில்லை. தோல் தேயத் தேய மூட்டு மாற்ற வேண்டும். நாளெல்லாம் சாதகம் செய்கிறவருக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். நாதஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த கருவி ஒருமுறைச் செலவு. ஆனால் அதன் வாயில் பொருத்தி ஊதும் சீவாளி ஓயாத செலவு. திருவாவடுதுறையில் நாணலைப் பக்குவப்படுத்திச் செய்து வரும் அந்தச் சிறு பொருள் சில வாரங்களில் தளர்ந்துவிடும். 350 ரூபாய்க் கட்டணத்தில் படிக்கும் பிள்ளைக்குச் சீவாளிக்கு மட்டும் அதைவிடப் பல மடங்கு ஆகிவிடும்.

நாதஸ்வரம், தவில், தேவாரம் கற்க வருகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் பெரிய கோயில்கள் நடத்தும் பயிற்சிப் பள்ளிகளில் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, மாதந்தோறும் ஊக்கத்தொகையும் கொடுக்கிறார்கள். அங்கே படித்தவருக்குப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைப்பது கடினம், ஆனால் கோயில் பணிக்கு நேரான பாதை அது. குடும்பத்தில் சம்பாதிக்க வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளைக்குப் பட்டப் படிப்பைவிட இதுவே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். பட்டம் பிறகும் வாங்கலாம்.

ஊரும் ஒரு செலவு. சென்னையில் விடுதி கிடைக்காமல் வெளியே தங்கினால், ஒரு மாத வாடகைப் பங்கு கல்லூரியின் ஆண்டுக் கட்டணத்தை விழுங்கிவிடும். திருவையாற்றில் அந்தச் சுமை குறைவு. ஆனால் சென்னை ஒன்றைத் திருப்பித் தருகிறது. மார்கழியில் காலையிலும் நடுப்பகலிலும் சபாக்களில் நுழைவுச்சீட்டு இல்லாமல் கேட்கக்கூடிய கச்சேரிகள் நாளுக்குப் பல நடக்கும். கேள்வி ஞானம் என்று பெரியவர்கள் சொன்னதை வேறு எந்த ஊரிலும் இவ்வளவு மலிவாகப் பெற முடியாது. திருவையாற்று மாணவருக்குத் தை மாதத்துத் தியாகராஜர் ஆராதனை நாட்கள் உண்டு. மற்ற நாட்களில் அவர் வானொலியையும் யூடியூபையும் நம்பியிருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் ஒரு கல்லூரி இருந்தால், புகழ்பெற்ற பெயருக்காக அதை விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். சென்னையில் வீடு உள்ள பெண்களுக்கு 1914இல் தொடங்கிய அரசு ராணி மேரிக் கல்லூரியின் இசைத் துறை அப்படி ஒரு நல்வாய்ப்பு. அரசு கலைக் கல்லூரி என்பதால் செலவும் குறைவு.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் உயர்கல்வி முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அரசுக் கல்லூரியில் இசை படிக்கும் ஒருவருக்கு அந்தத் தொகை ஆண்டுக் கட்டணத்தை ஈடுகட்டி, கருவிப் பராமரிப்புக்கும் கொஞ்சம் மிஞ்சும். சேரும் படிப்பு அந்தத் திட்டத்தின் கணக்கில் வருகிறதா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் வாயால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் சான்றிதழும் காசும். இனி வகுப்பறை.

நம் இசையின் பாடமுறை ஒருவருக்கு ஒருவர் என்று அமைந்தது. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்ற வரிசை குருவுக்கு எதிரே ஒன்றிரண்டு சீடர்கள் உட்கார்ந்திருக்கும் நிலைக்கு உரியது. பள்ளியில் நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், வாரத்துக்கு ஒரு வகுப்பு. பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை இயல்பாக இருக்கும்போது, ஏழாம் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டு தொடங்கிக் குரல் உடைந்துகொண்டிருக்கும். எந்தக் கட்டையில் சுருதி வைப்பது? உடைந்த குரலுக்காகச் சிரிப்புக்கு ஆளாகும் பையனை எப்படி வகுப்பில் தக்கவைப்பது? தாளம் போடத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கைச் சொல்வதா, நடக்கவைத்துக் காட்டுவதா? மாயாமாளவகௌளையில் தொடங்கும் மரபுப்படி போவதா, பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கும் தாலாட்டு, கும்மி மெட்டுகளிலிருந்து தொடங்குவதா? கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளியென்றால் காலை வழிபாட்டுக்கு ஆர்மோனியமோ கீபோர்டோ வாசித்து இருநூறு பேரைச் சேர்ந்து பாடவைக்க வேண்டும். மூன்றாண்டு கீர்த்தனை பாடம் செய்த மாணவி இதில் எதையும் செய்து பார்த்திராமலே பட்டம் வாங்கிவிட முடியும்.

இதனால்தான் இசையாசிரியர் பயிற்சி என்ற தனிப் படிப்பை நான் முதன்மையாகக் கருதுகிறேன். அரசு இசைக் கல்லூரியில் பட்டயமோ பட்டமோ முடித்தபின் ஓராண்டு ஆசிரியர் பயிற்சி படிக்கும் ஏற்பாடு சென்னையில் பழையது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவும் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் நிகழ்த்துகலைக்கென்று ஓர் ஆசிரியர் பட்டயத்தை வகுத்தது. ஆனால் அதை நடத்தும் நிறுவனங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலிவான மூன்றாண்டுப் பட்டத்தோடு இந்த ஓராண்டையும் சேர்த்து நான்கு ஆண்டாகக் கணக்கிட்டுக் குடும்பம் திட்டமிட வேண்டும். மூன்றோடு முடித்துவிட்டு, வயது ஏறியபின் பயிற்சிக்குத் திரும்பிவருவது எல்லாருக்கும் முடிவதில்லை. குறிப்பாகத் திருமணமான பெண்களுக்கு.

கடல் தாண்டிப் பார்த்தால் இந்தச் சங்கிலி வேறு மாதிரி கோக்கப்பட்டிருப்பது தெரியும். இலங்கையில் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீள்கிறது. பள்ளியில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை அழகியற் கல்வி கட்டாயம். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றுள் ஒன்றை எடுத்தாக வேண்டும். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் கர்நாடக சங்கீதம் ஒரு பரீட்சைப் பாடம். பாடம் இருப்பதால் ஆசிரியர் தேவை. ஆசிரியர் தேவைப்படுவதால் பட்டத்துக்குப் பொருள். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மகாராஜபுரம் சந்தானம் அங்கே முதல்வராக இருந்தவர். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் எழுந்த இசை நடனக் கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பணியேற்ற விபுலாநந்தரை நினைத்தால், சிதம்பரத்துக்கும் ஈழத்துக்கும் இடையே ஓடிய வழி புலப்படும். யாழ்ப்பாணத்தார் பலர் சிதம்பரத்தில் படித்து, சங்கீத பூஷணம் என்ற பட்டத்தோடு ஊர் திரும்பிப் பள்ளிகளில் கற்பித்தார்கள். அங்கேயும் பட்டதாரிகள் நியமனத்துக்காகக் காத்திருப்பதும் போராடுவதும் உண்டு. என்றாலும் இசை ஒரு பாடமாகக் கால அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வித் துறையிடம் நான் கேட்பது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

அதுவரை நம் பிள்ளைகள் இருப்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த, வாய்ப்பாட்டு ஓரளவு கற்ற, வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண் என்னிடம் கேட்டால் என் பதில் இது: பக்கத்து அரசு இசைக் கல்லூரியில் பட்டயத்துக்கு அல்லாமல் பட்டத்துக்குச் சேரு. படிக்கும்போதே தொழில்நுட்பத் தேர்வில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டையும் எழுதிவிடு. கடைசி ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பி. இந்தி பேசக் கற்றுக்கொள், கீபோர்டில் பத்துப் பாட்டு வாசிக்கப் பழகு. பத்தாம் வகுப்போடு நின்றவர் வந்தால் பட்டயத்தில் தொடங்கச் சொல்வேன். கூடவே தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முடிக்கவும் சொல்வேன்.

சேருமுன் ஒருநாள் கல்லூரிக்குப் போய்வர வேண்டும். முதல்வர் அறையில் உட்காராமல், மதியச் சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் போய் உட்காருங்கள். உங்களுக்கு முன்னால் முடித்துப் போன ஐந்து பேரின் பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளியில் ஒருவர், வீட்டு வகுப்பில் இருவர், துணிக்கடையில் ஒருவர், ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். பிறகு, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் எப்போதாவது பாடம் எடுத்திருக்கிறீர்களா, அதை ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தினாரா என்று கேளுங்கள். ஆமாம் என்று அவர்கள் சொன்னால், அன்றைக்கே படிவம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.